லோகோ ஷெட் மண்ணும் தங்கபுஷ்பத்தின் கூந்தலும்

நெடுங்குளம் ஜங்ஷனில் கரி எஞ்சின்கள் ஓடின காலத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனவன் சாம்பல் வேட்டியோடுதான் வீடு திரும்புவான். அந்த எஞ்சின்கள் போய், டீசல் வந்து, மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கி அகலப்பாதையை ஊருக்கு வெளியே கொண்டுபோய், லோகோ ஷெட்டின் கூரைத் தகரத்தைக்கூட ஏலம் விட்டு முடித்த பிறகும் அந்த யார்டு மட்டும் கறுப்பாகவே கிடந்தது. மழை பெய்தால் அதன் குட்டைகளில் எண்ணெய் மயில்கழுத்து நிறத்தில் மிதக்கும், ஆடுகள் வேலிவரை போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், எருக்குகூட அங்கே முளைப்பதற்கு யோசித்தது.

அந்த இடத்தை நகராட்சி வாங்கி, பிள்ளைகளுக்கு மைதானமும் பெரியவர்களுக்கு நடைபாதையும் போடலாம் என்று முடிவு செய்தபோது மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஈயம் இருக்கிறது, பாஷாணம் இருக்கிறது, தண்டவாளக் கட்டைகளுக்குப் பூசின தார் எண்ணெய் ஆளுயரத்துக்கு இறங்கியிருக்கிறது என்று பதில் வந்தது. ஷர்மிளா பானு என்ற மண் பொறியாளர் வந்து யார்டைச் சுற்றிப் பார்த்தாள். ரொம்ப மோசமான இடத்தை வெட்டி, தடித்த பிளாஸ்டிக் விரித்த குழியில் புதைத்துவிடலாம் என்றாள். மிச்ச இடத்தில் சூரியகாந்தியும் கடுகும் வெட்டிவேரும் நட்டால் அவை வேர்வழியாக விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும், அவற்றை அறுத்து அதே குழியில் போட்டுக்கொண்டே வந்தால் சில வருஷங்களில் மண் மண்ணாகிவிடும் என்றாள். மாட்டுக்கு மட்டும் யாரும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

நடவுக்கும் அறுப்புக்கும் எடுத்த பெண்களில் முதல் ஆள் ரெஜினாள். ரயில்வே லைன் தெருவில் கல்யாணமாகி வந்து, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்து, அங்கேயே ஒற்றை மகள் அமலியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். புதுப்பெண்ணாக அவள் ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன நாட்களில், முட்டிக்குக் கீழே தொங்கின அவள் சடையைப் பார்த்துவிட்டு ஷண்டிங் எஞ்சின் டிரைவர்கள் விசிலை இழுத்துப் பிடித்தபடி கடப்பார்களாம். அமலி பிறந்த வருஷம் டைபாய்டு வந்தது. தலைகாணியில் கை வைத்தால் கைநிறைய முடி வந்தது. அப்புறம் தலையில் மிஞ்சியது ஒரு எலிவால்தான். ஊர் அதை மறந்துவிட்டது. ரெஜினாள் மறக்கவில்லை. எதிரே எவள் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவள் தோளுக்குப் பின்னால்தான் ரெஜினாளின் கண் போகும்.

தங்கபுஷ்பம் எதிர்வீட்டுக்காரி, ரெஜினாளைவிட இரண்டொரு வயது மூத்தவள், பிள்ளையில்லாதவள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே முடி கிடையாது என்று சொல்லலாம். நரைத்து நாலு இழை, அதைச் சுருட்டினால் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கொண்டை. அதனாலேயே ரெஜினாளுக்கு அவள்மேல் ஒரு பிரியம் இருந்தது. "தங்கபுஷ்பம் அக்காவையும் சேத்துக்கிடுங்க மேடம், நல்லா வேலை செய்வாவ" என்று ஷர்மிளா பானுவிடம் சொல்லி அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் ரெஜினாள்தான்.

முதல் சூரியகாந்தி பூத்து முடிந்து அறுப்பு நடந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பழைய தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தங்கபுஷ்பம் கொண்டையை அவிழ்த்துப் போட்டுத் தரையில் தலைவைத்துப் படுத்தாள். கண்ணயர்ந்து எழுந்தபோது அவள் தலை கிடந்த இடத்தில் மண் செம்மண்ணாக இருந்தது, மழை விழுந்த மாதிரி மணந்தது, ஒரு மண்புழு நிதானமாக அதில் ஊர்ந்து போனது. தங்கபுஷ்பத்தின் நாலு இழை நரையும் கன்னங்கரேலென்று கறுத்து இடுப்புவரை வந்திருந்தது.

"அக்கா, முடி வளந்திருக்கு" என்றாள் பக்கத்தில் படுத்திருந்தவள்.

"ஆமா, கழுத்து கனக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

ஷர்மிளா பானு வந்து செம்மண்ணில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள், முடியிலும் ஒரு கீற்று வெட்டி அனுப்பினாள். மண் சுத்தம், முடியில் ஈயமும் பாஷாணமும் தாரும் என்று பதில் வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தங்கபுஷ்பத்திடம் வந்து, "அக்கா, நாளைக்கு இந்தப் பக்கமாப் படுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அது வேலையானது. நகரமன்றக் கூட்டத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து, படுத்துக் கிடக்கிறவளுக்கும் குனிந்து அறுக்கிறவளுக்கும் ஒரே சம்பளமா என்று கேட்டார். படுத்துக் கிடக்கிறவள்தான் அதிகமாக அறுக்கிறாள் என்று தலைவர் பதில் சொன்னார். தங்கபுஷ்பத்துக்கு ஒரு கோரைப்பாயும் ஒரு பெரிய குடையும் வழங்கலாம், தலை மட்டும் பாய்க்கு வெளியே மண்ணில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். காலையில் வளர ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் கூந்தல் ஒரு தென்னை நீளத்துக்கு வந்துவிடும். அதை அடியோடு ஒட்ட வெட்டி, சுருட்டி, குழியில் போட்டு, மேலே மண் தள்ளுவார்கள். மறுநாள் வேறொரு இடம், வேறொரு கூந்தல்.

முதலில் ஊரே வேலி ஓரத்தில் நின்றது. அம்மன் கோயில் பூசாரி வந்து இது ஆத்தாள் வேலை என்றார், மாதா கோயில் ஃபாதர் வந்து மாதாவின் கருணை என்றார், தங்கபுஷ்பம் இருவருக்கும் படுத்தபடியே கும்பிடு போட்டாள். கூந்தல் தைலக் கம்பெனிக்காரர்கள் வந்து போட்டோ கேட்டார்கள். மொட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அந்தக் கூந்தலைத் தொட வந்தபோது ஷர்மிளா பானு வேலியைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிட்டாள். டீக்கடையில் எந்த மூலை தீபாவளிக்குள் சிவக்கும் என்று பந்தயம் ஓடியது. வீடுகளில் புருஷன்மார்கள், "அவ தூங்கியே ஊரைச் சுத்தம் பண்ணுதா, உனக்கு இந்த அடுப்படியச் சுத்தம் பண்ண முடியலையா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம், எல்லாவற்றையும் போல, இதுவும் பழகிவிட்டது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள், கிழக்கே மேகம் போட்டிருக்கிறது என்று சொல்கிற மாதிரி, "இன்னைக்கு சிக்னல் கம்பத்துப் பக்கம் படுத்திருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழகாத ஒருத்தி ரெஜினாள். ஏனென்றால் கூந்தலைச் சிக்கெடுத்து, பின்னி, வெட்டிக் குழிக்குக் கொண்டுபோகிற வேலை அவளுக்குத்தான் வந்தது. நீளமான முடியைக் கையாளத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதானே. ரப்பர் கையுறை போட்ட கையால் அவள் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கறுப்பைக் கோதினாள். பட்டுபோல் வழுக்கும் அது, எஞ்சின் எண்ணெய் போல மின்னும் அது, வெயிலில் நீலம் காட்டும் அது தன் தலையில் ஒரு காலத்தில் இருந்ததைவிட அடர்த்தி என்பது அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றின சுண்ணாம்புக்கல் மாதிரி நெஞ்சுக்குள் கொதித்தது. நான் கொண்டுவந்து சேர்த்த ஆள். நான் மூன்று மாசம் குனிந்து நட்ட பூமி. என்னைத் தெரியாதா இந்த மண்ணுக்கு? தண்ணீர் பிடிக்க வந்தபோதெல்லாம் என் சடை இதன்மேல்தானே நிழல் போட்டது?

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவளே வெறும் மண்ணில் தலைவைத்துப் படுத்துப் பார்த்தாள். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று மண்ணுக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். எழுந்தபோது காதுக்குள் எறும்பு, பிடரியெல்லாம் தடிப்பு. கைகழுவப் போனபோது பார்த்தால், மற்ற பெண்களின் பிடரியிலும் அதே தடிப்பு. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மத்தியானம் ஒளிந்து படுத்துப் பார்த்திருக்கிறாள். அவர்கள் சிரித்துவிட்டு மறந்தார்கள். ரெஜினாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் தங்கபுஷ்பத்தோடு பேசுவதை நிறுத்தினாள். பின்னுவாள், வெட்டுவாள், போய்விடுவாள்.

"ஏளா ரெஜினா, இன்னைக்கு என்ன கொளம்பு?" என்று கேட்பாள் தங்கபுஷ்பம், வானத்தைப் பார்த்தபடி.

"வச்சதுதான்."

யார்டு பாதிக்குமேல் சிவந்து, புல் பிடித்து, மைனாக்கள் வந்து இறங்கத் தொடங்கின சமயத்தில் அமலி உண்டானாள். ஏழாம் மாசம் வளைகாப்புக்கு ரெஜினாள் வீட்டில் ஏற்பாடு நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் இருந்து போனில் பேசின சம்பந்தியம்மாள் பூ, பலகாரம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாக, "உங்க எதிர்வீட்டுல அந்தக் கூந்தல்காரம்மா இருக்காங்களாமே, அவுகளயே மொத வளையல் போடச் சொல்லுங்களேன், எங்க சனமெல்லாம் பாக்கணும்னு ஆசப்படுது" என்றாள். ரெஜினாள் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். கண்ணாடியில் தன் எலிவாலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுநாள் வெட்டின கூந்தல் முழுதும் குழிக்குப் போகவில்லை. ஒரு பிடி, உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை நாலு சுற்று, அவள் சாப்பாட்டுப் பைக்குள் போனது. விஷம் என்று தெரியும். இத்தனை நாள் கையுறை போட்டவளுக்குத் தெரியாதா. தெரிந்தேதான் எடுத்தாள். வீட்டில் மஞ்சளும் சீயக்காயும் போட்டு அலசினாள், சாம்பிராணி காட்டினாள், கறுப்புக் கயிறு கோத்துத் தன் கையாலேயே சவுரி முடைந்தாள்.

வளைகாப்பு அன்று ரெஜினாள் அடுப்படியிலிருந்து பாயசப் பாத்திரத்தோடு கூடத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. சடை முட்டிக்குக் கீழே அசைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்த காரியத்தை மறந்தார்கள். "கூந்தல்காரம்மா நீங்கதானா?" என்று ஒருத்தி எழுந்து கையைப் பிடித்தாள். ரெஜினாள் இல்லை என்று சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம், முந்தின சாயங்காலம்தான் ஒட்ட வெட்டின தலையில் முக்காடு போட்டவள், அந்தச் சடையைப் பார்த்தாள். தன் முடி யாருக்குத் தெரியாமல் போகும்? முறை வந்தபோது அமலிக்கு இரண்டு வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

பிரசவத்துக்கு அமலி தாய்வீட்டிலேயே தங்கினாள். விசேஷம் முடிந்ததும் சவுரியைக் கொண்டுபோய்க் குழியில் போட்டுவிட வேண்டும் என்றுதான் ரெஜினாள் நினைத்திருந்தாள். ஆனால் மறுநாள் கடைக்குப் போகும்போது அதைப் பின்னிக்கொண்டாள், அதற்கு மறுநாள் கோயிலுக்கு, அப்புறம் சும்மா வீட்டில் இருக்கையிலும். தெருவில் நடக்கும்போது பின்னால் இருந்து பார்வைகள் வந்து முதுகில் ஒட்டுவது, இருபது சொச்சம் வருஷத்துப் பசிக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது. தினமும் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதை அலசினாள்.

முதலில் முருங்கை இலை உதிர்த்தது. அப்புறம் கோழி சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை போட்டது, அப்புறம் போடுவதையே நிறுத்தியது. துவைக்கிற கல்லைச் சுற்றி மண் கறுத்தது. கறுப்பு மெல்ல நகர்ந்து மல்லிகைச் செடியைத் தொட்டது, கொல்லை வாசலைத் தொட்டது. மழை பெய்தபோது ரெஜினாளின் கொல்லைக் குட்டையில் எண்ணெய் மயில்கழுத்து நிறத்தில் மிதந்தது. மண்ணிலிருந்து எதையெல்லாம் அந்தக் கூந்தல் எடுத்ததோ அதையெல்லாம், தலை மாறினதும், சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரெஜினாள் அதன்மேல் சாணம் தெளித்தாள், கோலமாவைத் தூவினாள், சாக்கை விரித்தாள்.

"யம்மா, வீட்டுக்குள்ள கரி நாத்தம் அடிக்கு" என்றாள் அமலி. பிறகு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது என்றாள். பிறகு ஒரு காலையில், "நேத்துலருந்து அது அசையல" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மாள் வயிற்றில் கருவியை வைத்துத் தேடித் தேடி, கடைசியில் துடிப்பு கேட்கிறது என்றாள். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மாள் ரெஜினாளைத் தனியே அழைத்து, "ரத்தத்துல ஈயம் இருக்கு. அந்த வீட்டுல இவ இன்னொரு நாள் இருக்கக் கூடாது. எங்கேயிருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ரெஜினாள் முக்காட்டை இழுத்து மூடினாள். தெரியும் என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சவுரியை அவிழ்த்தாள். அவிழ்த்தபோது கூடவே சொந்த முடியும் கொத்தாக வந்தது. நேரே எதிர்வீட்டுக்குப் போனாள்.

தங்கபுஷ்பத்துக்கு அதற்குள் வேலை முடிந்திருந்தது. யார்டில் கடைசி மூலையும் சிவந்துவிட்டது. அதற்கு முன்பே, உடம்பில் ஈயம் ஏறினதற்கு அடையாளமாக அவள் ஈறுகளில் நீலக்கோடு விழுந்ததைப் பார்த்த ஷர்மிளா பானு, இனி ஒரு நாள்கூடப் படுக்க விடமாட்டேன் என்று சண்டை பிடித்து, இருந்த ஒரு மூலைக்குச் சூரியகாந்தியே போதும் என்றிருந்தாள். தங்கபுஷ்பம்தான் கேட்காமல் அதையும் முடித்தாள். இப்போது மொட்டைத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா" என்றாள் ரெஜினாள். சவுரியைத் தரையில் வைத்தாள்.

தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். "அன்னைக்கே பாத்தேன்."

"எங்க கொல்லை பூரா கறுத்துப்போச்சுக்கா. அமலிக்கு ரத்தத்துல ஏறிட்டு. ஒரே ஒரு நாள். எங்க கொல்லையில ஒரே ஒரு நாள் தலைய வச்சுப் படுத்தீங்கன்னா…"

"மாட்டேன்."

ரெஜினாள் நிமிர்ந்து பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் குரலில் கோபம்கூட இல்லை.

"மாட்டேன் ரெஜினா. பல்லெல்லாம் ஆடுது. விரல் மரத்துப்போச்சு. இந்த ஊரு என்னைப் பாத்துது, என் முடியப் பாத்துது. கழுத்து வலிக்கான்னு ஒரு ஆளு கேக்கல. நீ தெனமும் என் தலைய மடியில வச்சுப் பின்னுன. நீ கேட்டியா?"

"எனக்குப் பொறாமக்கா" என்றாள் ரெஜினாள். அந்தச் சொல் வாய்க்கு வெளியே வந்தபோது, தொண்டையில் சிக்கின மீன்முள் வந்த மாதிரி வலித்தது. "உங்களைப் பாத்தா வயிறு எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

"எனக்கு மட்டும் எரியலையா? நீங்க எல்லாரும் அங்கன பூ அறுத்துக்கிட்டு, ஒருத்திய ஒருத்தி கேலி பண்ணிக்கிட்டுச் சிரிப்பீங்க. நான் வெட்ட வெளியில வானத்தப் பாத்துக் கெடப்பேன். அதுல உன் சிரிப்புதான் பெருசாக் கேக்கும். எந்திரிச்சு ஓடிவந்து உன் வாயில மண்ணை அள்ளிப் போடணும்னு இருக்கும்." தங்கபுஷ்பம் மூச்சு வாங்கினாள். பிறகு, "புள்ளய இங்க அனுப்பு" என்றாள்.

"யக்கா?"

"அமலிய இங்க அனுப்புன்னேன். இந்த வீட்டுல ஒரு விஷமும் கெடையாது. நீ வராதே. உன் உடம்பெல்லாம் அது இருக்கு. கொல்லைய முடிச்சுட்டு வா."

அன்றே அமலி எதிர்வீட்டுக்குப் போனாள். ஷர்மிளா பானு வந்து ரெஜினாளின் கொல்லையைப் பார்த்தாள், ரெஜினாளின் தலையைப் பார்த்தாள். பூட்ஸும் கையுறையும் முகமூடியும் கொடுத்து, எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று குச்சி நட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்தார் வேலிமேலே எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு விஷயம் சீக்கிரமே தெரிந்துபோனது. ஊரையே கழுவின பிறகு மிச்சமிருக்கிற ஒரே அழுக்கு ரெஜினாள் கொல்லை என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் யார்டில் அவளோடு பூ அறுத்த பெண்களில் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். துவைக்கிற கல்லைப் பெயர்த்தார்கள், முருங்கையை வேரோடு எடுத்தார்கள், கறுத்த மண்ணை மூட்டை மூட்டையாகக் கட்டிக் குழிக்கு ஏற்றினார்கள். சவுரியும் அதிலேயே போனது. தோண்டின இடத்தில் ஆற்றுமண் கொட்டி ரெஜினாள் சூரியகாந்தி விதை ஊன்றினாள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதுகு ஒடிந்தது, அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் அவள் தன் வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்ப்பாள். தங்கபுஷ்பம் அமலிக்குக் கால் பிடித்துவிடுவது ஜன்னல்வழியே தெரியும். தங்கபுஷ்பம் சொல்லுகிற எதற்கோ அமலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் பெற்றவள் என் வீட்டில் இப்படிச் சிரித்ததில்லையே என்று ரெஜினாளுக்குள் மறுபடியும் சுண்ணாம்பு கொதிக்கும். மொட்டைத் தலைக்காரியைப் பார்த்தும் பொறாமைப்பட முடிகிறது என்பதை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள். உள்ளே போய் மண்வெட்டியை எடுப்பாள்.

நகராட்சிப் பூங்கா திறந்த அன்று ஊரே யார்டில் இருந்தது. மேளமும் ரப்பர் பந்துகளும் ஒலிபெருக்கியும் தெருவரை கேட்டன. தங்கபுஷ்பத்துக்கு மேடையில் சால்வை போடக் காத்திருந்தார்கள். அவள் போகவில்லை. அமலிக்கு முதல்நாளே வலி எடுத்து, பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, விடிந்ததும் பெண்குழந்தை பிறந்திருந்தது. எடை குறைவு, ஆனால் அழுகை பலம், ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும், இப்போதைக்குப் பயமில்லை என்று டாக்டரம்மாள் சொல்லியனுப்பினாள்.

ரெஜினாள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையோடு குளித்து, புதுச்சேலை கட்டி, ஆளில்லாத தெரு வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வார்டின் கடைசிக் கட்டிலில் அமலி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் தங்கபுஷ்பம், மடியில் பழைய வேட்டித்துணிச் சுருள், அதற்குள்ளே கண்மூடின ஒரு சின்ன முகம். தன் பேத்தியை முதலில் வாங்கின கை அவளுடையது. அவளுடைய வாசனைதான் அதற்கு முதலில் பழகும். ரெஜினாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

"இங்க குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். "என் பேத்தியக் குடுங்க."

தங்கபுஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"கையக் கழுவினியா?"

"குளிச்சிட்டே வாரேன்."

"நகத்தைக் காட்டு."

ரெஜினாள் காட்டினாள். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, மயிரிழை அளவுக்கு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். "போ" என்றாள் தங்கபுஷ்பம், "நான் எங்கயும் போயிற மாட்டேன்."

ரெஜினாள் வார்டு கோடியிலிருந்த குழாய்க்குப் போய், சோப்பை எடுத்து, நகக்கண் சிவக்கிறவரை தேய்க்க ஆரம்பித்தாள்.